காற்பந்துச் சனிக்கிழமையும் கோபிஸ் ரொட்டியும்

அமெரிக்கா போய் வந்தேன் என்று சொன்னதும் நியூயார்க்கின் மாடிக் கட்டடங்களைப் பார்த்தாயா, நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்த்தாயா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டையும் நான் பார்க்கவில்லை. என் மகள் படிப்பது நெப்ராஸ்கா மாநிலத்தின் தலைநகரான லிங்கனில். அந்த நாட்டின் நடு வயிற்றில் இருக்கும் ஊர் அது. மலை கிடையாது, கடல் கிடையாது. ஊரைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரை மக்காச்சோளக் காடு. நம் செம்பனைத் தோட்டங்களைப் போல அதற்கும் முடிவே இல்லை.

அங்கே ஓர் அக்டோபர் மாதம் போயிருந்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒரு காற்பந்து வாரக் கடைசியில் அந்த மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எதை எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, எட்டு வருடம் பால் மரம் வெட்டியவள் நான். எங்கே போனாலும் கண் முதலில் அடுப்பங்கரைப் பக்கம்தான் போகும். என்ன செய்வது!

முதலில் அந்தக் காற்பந்தைச் சொல்லிவிடுகிறேன். நம் தோட்டத்துத் திடலில் பிள்ளைகள் உதைக்கும் பந்து என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பந்து முட்டை மாதிரி இருக்கிறது. பெயரில் கால் இருந்தாலும் வேலை எல்லாம் கைக்குத்தான். பக்கத்துக்குப் பதினொரு பேர், தலைக்கவசமும் தோளில் பட்டையுமாக நின்று மோதிக்கொள்கிறார்கள். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கணக்குப்படி ஒரு மணி நேர ஆட்டம். ஆனால் நிறுத்தி நிறுத்தி ஆடுவதால் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிடுகிறது. விளையாடுகிறவர்கள் பல்கலைக்கழகத்து மாணவர்கள். அவர்கள் குழுவுக்குப் பெயர் கார்ன்ஹஸ்கர்ஸ், அதாவது சோளக்கதிரின் தோலை உரிப்பவர்கள். யோசித்துப் பாருங்கள், நம் ஊர்ப் பல்கலைக்கழகக் குழு ஒன்றுக்கு ‘பால் மரம் வெட்டுவோர்’ என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்! அந்த ஊர்ச் சட்டமன்றக் கட்டடத்தின் உச்சியிலும் ஒரு சிலை நிற்கிறது. அரசரோ தளபதியோ இல்லை. கையால் விதை தூவும் ஓர் உழவன்.

ஆட்டம் நடக்கும் அரங்கம் 1923-ல் திறக்கப்பட்டது. 85,000 பேருக்கு மேல் உட்காரலாம். நம் புக்கிட் ஜாலில் அரங்கத்தின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். லிங்கனின் மக்கள்தொகையோ ஏறக்குறைய மூன்று லட்சம். ஆட்ட நாளில் அந்த அரங்கமே நெப்ராஸ்காவின் மூன்றாவது பெரிய நகரமாகிவிடுகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். 1962 நவம்பரிலிருந்து அங்கே நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நுழைவுச் சீட்டு முழுவதும் விற்றுத் தீர்ந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் அப்படி நானூறாவது ஆட்டம். ஜெயித்தாலும் தோற்றாலும் வருகிறார்கள். சமீப வருடங்களில் தோல்விதான் அதிகம் என்று மகள் காதோடு காதாகச் சொன்னாள்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மகள் என்னைப் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். ஒரு கிண்ணத்தில் சில்லி. சில்லி என்றால் மிளகாய் இல்லை. சிவப்பு அவரைக்கொட்டையும் தக்காளியும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சிய ஒரு குழம்பு. மாட்டிறைச்சி போட்டுச் செய்வதுதான் வழக்கம். நாங்கள் எடுத்தது இறைச்சி போடாதது. சரி, பக்கத்தில் ரொட்டியோ சோறோ வைப்பார்கள் என்று பார்த்தால், கறுவாப்பட்டைத் தூளும் சீனியும் தூவிச் சுருட்டி, மேலே சீனிப்பாகு ஊற்றிய இனிப்பு ரொட்டி ஒன்றை வைத்திருந்தார்கள்!

“ஏம் பாப்பா, இது பசியாறிட்டுக் கடைசியில சாப்பிடறதா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா, அந்தச் சில்லியில தொட்டுச் சாப்பிடணும். இங்க எல்லாரும் அப்படித்தான்.”

நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு மாநிலத்துப் பிள்ளைகள் மட்டும் என்னைப் போலவே விழித்தார்கள். இந்தப் பழக்கம் பள்ளிக்கூடச் சாப்பாட்டிலிருந்து வந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 1946-ல் பள்ளி மதிய உணவுக்குச் சட்டம் வந்தது. அவரை, மாவு என்று மிகுந்த பொருள்களை அரசாங்கம் பள்ளிகளுக்குக் கொடுத்தது. சமையல்கார அம்மாமார் பெரிய பானையில் சில்லி காய்ச்சினார்கள். பிள்ளைகள் சந்தோஷமாகச் சாப்பிடட்டும் என்று இனிப்பு ரொட்டியும் சுட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று தலை நரைத்துவிட்டது. இரண்டும் சேர்ந்தால்தான் சாப்பாடு என்கிறார்கள்.

ருசி எப்படி என்கிறீர்களா? ரொட்டி சானாய்க்குச் சீனி தொட்டுச் சாப்பிடும் நமக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. காரம், புளிப்பு, பிறகு இனிப்பு. இரண்டாவது ரொட்டியும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஆட்டம் மத்தியானம் இரண்டரைக்கு. காலை எட்டு மணிக்கே கார் நிறுத்துமிடங்கள் நிரம்பிவிட்டன. லாரியின் பின்கதவைக் கீழே இறக்கி அதையே மேசையாக்கி, அடுப்பு மூட்டி, நாற்காலி போட்டு, குடும்பம் குடும்பமாகச் சமைக்கிறார்கள். இதற்கு ‘டெயில்கேட்’ என்று பெயர். நம் தோட்டத்துத் திருவிழாவில் கோயில் பின்புறம் அடுப்புக் கூட்டிச் சமைப்போமே, அதே புகை, அதே சத்தம். எல்லாரும் சிவப்புச் சட்டை. முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டுத் தட்டைக் கையில் கொடுக்கிறார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

சிலவற்றைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது. பீரில் தக்காளிச் சாற்றை ஊற்றிச் சிவப்பாக்கிக் குடிக்கிறார்கள். பச்சைக் காய்கறியின் மேல் டாரத்தி லிஞ்ச் என்று ஆரஞ்சு நிறத்தில் ஓர் இனிப்புக் குழம்பை ஊற்றுகிறார்கள். அந்தப் பெயருள்ள ஓர் அம்மாள் 1940-களின் கடைசியில் ஒரு சிற்றூர் மன்றத்தில் சமையல் செய்தபோது கலக்கியதாம். இன்று அது இல்லாத வீடே அங்கே கிடையாது. அரங்கத்துக்குள்ளே இன்னும் ஒரு வேடிக்கை. ஃபேர்பரி என்னும் ஊர்ப் பெயரால் விற்கும் சிவப்புச் சோசேஜை ரொட்டியில் வைத்துச் சுருட்டி, தோளில் தூக்கிய குழாய்த் துப்பாக்கி ஒன்றால் கூட்டத்துக்குள் சுடுகிறார்கள். பறந்து வருவதைப் பிடிக்கப் பெரியவர்களும் எழுந்து நின்று கையை நீட்டுகிறார்கள். சோற்றுப் பருக்கை கீழே விழுந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் என் அம்மா பார்த்திருந்தால் அவர்களை ஒரு வழி பண்ணியிருப்பார்.

இவ்வளவுக்கும் நடுவில் நான் வயிறு காய்ந்துதான் இருந்தேன். காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எதைத் தொட்டாலும் மாட்டிறைச்சி. எங்கள் வீட்டில் அது புழங்குவதில்லை. எல்லார் கையிலும் காகிதத்தில் சுற்றிய நீளமான ரொட்டி ஒன்று இருந்தது. சூடாக ஆவி பறந்தது. கோபிஸும் வெங்காயமும் மிளகும் வதங்கிய வாசனை, அப்படியே நம் வீட்டுப் பிரட்டல் வாசனை! மகளோடு படிக்கும் ஒரு பெண் அதை எனக்கும் ஒன்று வாங்கி நீட்டினாள். உள்ளே கோபிஸோடு கொத்திய மாட்டிறைச்சியும் இருக்கிறது என்று மகள் சொல்லி, பக்குவமாக மறுத்துவிட்டாள். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. உடனே கைத்தொலைபேசியை எடுத்து யாரிடமோ பேசினாள். “நாளைக்கு எங்கள் பாட்டி வீட்டுக்கு வாருங்கள், உங்களுக்குத் தனியாகச் செய்கிறாராம்” என்றாள்.

அந்த ரொட்டிக்கு ரன்ஸா என்று பெயர். நம் சீனர் கடைப் பாவும் நம்முடைய கறிபாப்பும் கல்யாணம் கட்டினால் பிறக்கும் பிள்ளை என்று சொல்லலாம். ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவுக்குள் கோபிஸ், வெங்காயம், இறைச்சி வைத்து மூடிச் சூளையில் சுடுவது. நெப்ராஸ்காவில் நீளமாகச் செய்கிறார்கள். பக்கத்துக் கான்சாஸ் மாநிலத்தில் அதையே உருண்டையாகச் செய்து பீராக் என்கிறார்கள். எது சரியான வடிவம் என்று இரண்டு மாநிலத்தாருக்கும் வாக்குவாதம் உண்டு. லிங்கனில் 1949-ல் ஓர் அம்மாளும் அவருடைய சகோதரரும் பயனியர்ஸ் பூங்கா அருகே சிறு கடை போட்டு இதை விற்றார்கள். இன்று அந்தப் பெயரில் எண்பதுக்கும் மேற்பட்ட கடைகள். ஜனவரி, பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு எத்தனை டிகிரியோ அத்தனை காசுதான் ஒரு ரன்ஸா, கூடவே வறுத்த உருளைக்கிழங்கும் பானமும் வாங்கினால்! அவர்கள் டிகிரிக் கணக்கு வேறு. பத்து டிகிரி என்றால் உறைநிலைக்கும் வெகு கீழே. ஆக, குளிர் கடுமையாக ஆக ஆக ரொட்டி மலிவாகிறது.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லிங்கன்காரர்கள் ஜெயித்தார்கள். 85,000 பேர் கத்தினால் நெஞ்சுக்கூடு அதிர்கிறது, அது நினைவிருக்கிறது.

ஞாயிறு காலை பாட்டி வீட்டுக்குப் போனோம். நடந்தே போகலாம். அரங்கத்துக்கு வடக்கே, ரயில் பாதையைத் தாண்டி, ‘நார்த் பாட்டம்ஸ்’ என்று ஒரு பகுதி. பள்ளம் என்று அர்த்தம். சால்ட் கிரீக் என்னும் ஆறு பெருகினால் தண்ணீர் புகும் தாழ்வான நிலம். சின்னச் சின்னப் பலகை வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. இப்போது அவற்றில் பெரும்பாலும் மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். பழைய குடும்பம் என்று மிஞ்சியிருப்பவர்களில் அந்தப் பாட்டியும் ஒருவர். வயது எண்பத்தைந்துக்கு மேல். முதல் நாள் தம் வீட்டு முற்றத்தில் ஆறு கார் நிறுத்த இடம் விட்டுக் காசு வாங்கியிருந்தார். கெட்டிக்காரப் பாட்டி!

எங்களை உட்காரவைத்து, மாவைப் பிசைந்துகொண்டே பேசினார். மகள் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

அவர்கள் ஜெர்மானியர்கள். ஆனால் ஜெர்மனியிலிருந்து நேராக வந்தவர்கள் இல்லை. 1763-ல் ருஷ்யாவின் கேத்தரின் அரசி, தரிசு நிலத்தைத் திருத்த ஆள் வேண்டுமென்று வெளிநாட்டாரை அழைத்தாள். நிலம் உண்டு, பட்டாள வேலை கிடையாது என்று வாக்குக் கொடுத்தாள். இவர்கள் போய் வோல்கா ஆற்றங்கரையில் குடியேறினார்கள். நூறு வருடம் கழித்து வாக்கு மாறியது. 1874-ல் இவர்கள் பிள்ளைகளையும் பட்டாளத்துக்குப் பிடிக்கச் சட்டம் வந்தது. மறுபடி மூட்டை கட்டி, கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி அமெரிக்கா வந்தார்கள். ரயில் கொண்டுவந்து இறக்கிய லிங்கனில், யாரும் வேண்டாத பள்ளத்து நிலத்தில் வீடு கட்டினார்கள். மாவுக்குள் கோபிஸை வைத்துச் சுடும் பக்குவமும் அவர்களோடு வந்தது.

பிறகு சீனிக்கிழங்கு வேலை. பீட் கிழங்கில் ஒரு ஜாதி. அதிலிருந்து சீனி எடுக்கிறார்கள். நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில் ஸ்காட்ஸ்பிளஃப் என்னும் ஊரில் 1910-ல் ஆலை வந்தது. லிங்கனிலிருந்து 600 கிலோமீட்டருக்கும் அப்பால். வசந்தம் பிறந்ததும் இந்தப் பள்ளத்துக் குடும்பங்கள் பானை சட்டி, பாய் படுக்கையோடு ரயிலேறிவிடும். ஏக்கருக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்கே சேர்த்து ஒப்பந்தம். தாய் குட்டை மண்வெட்டியால் நாற்றுகளைக் கொத்திக்கொண்டே முன்னால் போவாள். பிள்ளைகள் பின்னால் தவழ்ந்து போய், குத்துக்கு ஒரு நாற்றை விட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். அறுவடையில் கொக்கி வைத்த கத்தியால் கிழங்கைக் குத்தித் தூக்கித் தலையைச் சீவ வேண்டும். திரும்பி வரும்போது குளிர்காலம் தொடங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடம் முடிந்திருக்கும்.

“என் அம்மா ஏழு வயதில் தவழத் தொடங்கினார். வகுப்பில் எல்லாரையும் விட உயரமாக, கடைசி பெஞ்சில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பாராம்” என்றார் பாட்டி.

காட்டுக்குக் கொண்டுபோன சாப்பாடுதான் இந்த ரொட்டி. கரண்டி வேண்டாம், தட்டு வேண்டாம். துணியில் சுற்றினால் மத்தியானம் வரை சூடு நிற்கும். மண் ஒட்டிய கையால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனையிலிருந்து கடித்து வந்து, பிடித்த துண்டைத் தூர எறிந்துவிடலாம்.

லிங்கன் நகரத்தார் இவர்களை ‘ரூஷியன்’ என்று கேலி செய்வார்களாம். ருஷ்யர்களும் இல்லை, ஆனாலும் அதுவே வசவாகிவிட்டது. பாட்டியின் அம்மா பள்ளிக்கூடத்தில் கோபிஸ் வாசனை வெளியே வந்துவிடக் கூடாதென்று, சாப்பாட்டுப் பையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, கட்டடத்துக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்று சாப்பிடுவாராம்.

மகள் இதைத் தமிழில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு என் கதை தெரியும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆறாம் வகுப்பு முடிந்து பட்டணத்துப் பள்ளிக்குப் போனபோதுதான் கருவாட்டுச் சம்பலும் சோறும் கட்டிப்போன டப்பாவைத் திறக்கக் கூச்சப்பட்டேன். மூன்று வருடம் பாதிப் பட்டினி. அதற்குப் பிறகு படிப்பும் நின்று, பெரட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டேன். இதைப் பாட்டியிடம் சொல்லச் சொன்னேன். மகள் சொன்னாள். பாட்டி மாவுக் கையோடு வந்து என் கன்னத்தைத் தடவினார். பிறகு ஜன்னலைக் காட்டினார். மரங்களுக்கு மேலே அரங்கத்தின் சுவர் தெரிந்தது. “நேற்று அங்கே எத்தனை ஆயிரம் ரன்ஸா தின்றிருப்பார்கள்! என் அம்மா ஒரு தடவை கூட அதற்குள் போனதில்லை. ஆனால் அந்தச் சத்தத்தை இந்தப் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே ரொட்டி உருட்டுவார்” என்றார்.

எனக்கென்று தனிச் சட்டி, தனித் தட்டு எடுத்து வைத்திருந்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இறைச்சிக்குப் பதிலாகக் காளானும் உருளைக்கிழங்கும். சகோதரிகளே, பக்குவத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய வித்தை இல்லை. அரை கிலோ மாவுக்குக் கால் லிட்டர் வெதுவெதுப்பான பால், இரண்டு சிறு கரண்டி ஈஸ்ட், இரண்டு பெரிய கரண்டி சீனி, ஒரு முட்டை, கொஞ்சம் வெண்ணெய், உப்பு. நன்றாகப் பிசைந்து ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் வைத்தால் இரண்டு மடங்காகும். நம் ஊர் வெக்கைக்கு இன்னும் சீக்கிரம். ஒரு சிறு கோபிஸை மெல்லியதாக அரிந்து, வெங்காயத்தோடு வதக்கி, உப்பும் தாராளமாக மிளகும் போடுங்கள். முக்கியமான விஷயம், கோபிஸ் முழுக்க ஆறிய பிறகு கையால் பிழிந்து தண்ணீரை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடி ஊறிப் பிய்ந்துபோகும். மாவைப் பத்து உருண்டையாக்கித் தட்டி, நடுவில் வைத்து, ஓரத்தைக் கிள்ளி மூடி, மூடிய பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, 190 டிகிரி சூட்டில் இருபது நிமிடம். நான் வீட்டில் செய்யும்போது கொஞ்சம் கறித்தூளும் இரண்டு பச்சை மிளகாயும் சேர்க்கிறேன். பாட்டி பார்த்தால் திட்ட மாட்டார் என்றே நினைக்கிறேன்.

சூளையில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும்போது பாட்டி, “உங்கள் ஆட்கள் காட்டுக்கு என்ன கொண்டுபோவார்கள்?” என்று கேட்டார். விடியற்காலை வரக்கோப்பி, மங்கில் பழைய சோறு, மரத்தடியில் உட்கார்ந்து பத்து மணிக்குச் சப்பாத்தியோ ரொட்டியோ, தொட்டுக்கொள்ளச் சம்பல் என்று சொன்னேன். எழுந்து போய்ச் சமையல் குறிப்பு நோட்டை எடுத்து வந்தார். எண்ணெய்க் கறை படிந்த பழைய நோட்டு. மகளிடம் எழுத்துக் கூட்டிக் கேட்டு, ஆங்கில எழுத்தில் ‘சம்பல்’ என்று எழுதிக்கொண்டார். காய்ந்த மிளகாய் எத்தனை என்றார். இருபது என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு நான்கு என்று எழுதினார்.

சுட்ட ரொட்டிகள் வெளியே வந்தன. இறைச்சி இல்லாதவற்றின் முதுகில் மட்டும் முள்கரண்டியால் மூன்று குத்து வைத்திருந்தார், கலந்துவிடக் கூடாதென்று. நான் இரண்டு சாப்பிட்டேன். மீதி எட்டையும் துண்டில் சுற்றி மகள் கையில் கொடுத்து, குளிர்பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்துக்கொள், ஜனவரியில் பனி கொட்டும்போது வெளியே போகாமல் சுடவைத்துச் சாப்பிடு என்றார். திரும்பி நடந்து வரும் வழியெல்லாம் மகள் அந்த மூட்டையைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். நல்ல குளிர், அது நல்ல சூடு.